ஒரு காலாவதியான கார்டும் நான்கு வருடமும்: என் எஸ்ஆர்-22 அனுபவம்

எஸ்ஆர்-22 என்பது லைசன்ஸைத் திரும்பப் பெற இன்சூரன்ஸ் கம்பெனி அரசுக்கு அனுப்பும் ஒரு காப்பீட்டுச் சான்று. அதன் பெயரைச் சொன்னாலே கலிபோர்னியாவின் பே ஏரியாவில் இருக்கும் நம் ஆட்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டினவர்களுக்குத்தானே அது என்று நினைப்பு. நான் ஃபில்டர் காபிக்கு மேல் எதையும் தொடாதவள். ஆனாலும் நான்கு வருடம் இதில் சிக்கிக் கிடந்தேன். அதில் ஒரு வருடம் லைசன்ஸே இல்லை, அடுத்த மூன்று வருடம் எஸ்ஆர்-22 என்ற வால் ஒட்டிய லைசன்ஸ். இந்த பிப்ரவரி மாதம்தான், 2026-ல், முழுசாக வெளியே வந்தேன். நடுவில் இணையத்தில் தேடிய இரவுகள் ஏராளம். கிடைத்ததில் பாதி இன்சூரன்ஸ் விற்கிறவர்களின் விளம்பரம், மீதி குடிபோதை வழக்குகள். என் கதை மாதிரி ஒன்று எங்கேயும் இல்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன். எல்லாம் கலிபோர்னியா விஷயம். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2021 ஏப்ரல் மூன்றாவது வாரம் கும்பகோணத்தில் அப்பாவுக்குக் கொரோனா. இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த நேரம். கிடைத்த விமானத்தில் கிளம்பிவிட்டேன். சன்னிவேல் அபார்ட்மென்டைப் பூட்டி, காரை அதன் இடத்தில் நிறுத்தி, தபால் பெட்டிச் சாவியை அதே வளாகத்தில் இருந்த ஒரு தோழியிடம் கொடுத்து, மூன்று வாரத்தில் வந்துவிடுவேன் என்று சொன்னேன். மே 4 முதல் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அமெரிக்கா தடை போட்டது. அமெரிக்கக் குடியுரிமை உள்ள குழந்தை இருந்தால் விலக்கு உண்டு. நான் தனி ஆள், எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவள். வேறு ஒரு நாட்டில் போய் பதினான்கு நாள் தங்கிவிட்டு அங்கிருந்து நுழையலாம் என்று பலர் மெக்சிகோவுக்குப் போனார்கள். அப்பா ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில் எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. ராத்திரி முழுக்க அலுவலக வேலை, பகலில் அப்பாவுக்குக் கஞ்சி, மாத்திரை. இப்படியே நவம்பர் 8-ம் தேதி தடை விலகும் வரை ஓடியது. அப்பா பிழைத்துக்கொண்டார். அதுதான் பெரிசு, மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த மற்றது என்னவென்றால், என் கார் இன்சூரன்ஸ் மாதம் 118 டாலர் டெபிட் கார்டிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கார்டு ஜூலையோடு காலாவதி. வங்கி புதுக் கார்டை ஒழுங்காக சன்னிவேல் முகவரிக்கு அனுப்பிவிட்டது. ஆகஸ்ட் தவணை போகவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி மின்னஞ்சல் அனுப்பியது. அது விளம்பர மடல்களோடு போய் உட்கார்ந்துகொண்டது. பத்து நாள் முன்னறிவிப்புக் கடிதமும் தபாலில் வந்தது. தோழி எல்லாக் கடிதங்களையும் ஒன்று விடாமல் எடுத்து, காலியான சோனா மசூரி அரிசிப் பை ஒன்றில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். புதுக் கார்டும் அதில், ரத்துக் கடிதமும் அதில். செப்டம்பர் 9 அன்று பாலிசி ரத்தானது. கலிபோர்னியாவில் பாலிசி நின்றால் இன்சூரன்ஸ் கம்பெனியே அதை டிஎம்விக்கு, அதாவது நம்மூர் ஆர்டிஓ மாதிரியான துறைக்கு, கம்ப்யூட்டர் வழியாகச் சொல்லிவிடும். அவர்கள் வண்டியின் பதிவை நிறுத்திவைத்து ஒரு கடிதம் போட்டார்கள். அதுவும் பைக்குள்.

நவம்பர் நடுவில் திரும்பி வந்தேன். பை கனமாக இருந்தது. செருப்பு அலமாரிக்குக் கீழே தள்ளி வைத்து, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரிக்கலாம் என்று நினைத்தேன். காரின் பேட்டரி செத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கேபிள் போட்டு உயிர் கொடுத்தார். இரண்டு ஞாயிறு போய்விட்டது. நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம், எல் கமினோ ரியல் சாலையில் ஒரு மளிகைக் கடையிலிருந்து வலது பக்கம் திரும்பி வெளியே வரும்போது, போய்க்கொண்டிருந்த ஒரு காரின் பின்கதவில் இடித்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். உள்ளே வயதான தம்பதி. யாருக்கும் கீறல்கூட இல்லை. அந்த அம்மா இறங்கி வந்து, "ஆர் யூ ஓகே?" என்று என்னைத்தான் கேட்டார். கிளவ் பாக்ஸிலிருந்து இன்சூரன்ஸ் கார்டை எடுத்துக் கொடுத்தேன். அதில் போட்டிருந்த தேதி இன்னும் முடியவில்லை. கார்டில் தேதி இருந்தால் பாலிசி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கம்பெனிக்குப் போன் செய்தேன். பாலிசி எண்ணைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, இது செப்டம்பரிலேயே ரத்தாகிவிட்டதே என்றார்கள். போனை வைத்துவிட்டு அரிசிப் பையைக் கொட்டிப் பார்த்தேன். கடிதங்களோடு நாலைந்து அரிசியும் தரையில் விழுந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்தபோது நாலு மாதக் கதையும் தேதி வாரியாக என் முன்னால் கிடந்தது. அன்று இரவு அழுதேன், யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த நாளே வேறு கம்பெனியில் புது பாலிசி எடுத்தேன். வண்டியின் பதிவை மீட்க 14 டாலர் கட்டினேன். அந்தத் தம்பதியின் இன்சூரன்ஸ் கம்பெனி அவர்கள் வண்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, 4,260 டாலர் கேட்டு எனக்குக் கடிதம் போட்டது. மொத்தமாகக் கட்ட முடியாது என்று சொன்னேன். பத்துத் தவணைக்கு ஒத்துக்கொண்டார்கள். இங்கே ஒன்று சொல்லவேண்டும்: தவணை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள், கடைசித் தவணை கட்டியதும் இனி பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போய் தீர்ப்பு வாங்கி, அதை நீங்கள் கட்டாமல் விட்டால், அதற்கு என்று தனியாக ஒரு லைசன்ஸ் தடை வரும். என் காரின் முன்பக்கத்தைச் சரிசெய்ய 1,150 டாலர் தனி.

"காசு குடுத்தாச்சுல்ல, அவ்ளோதான், விடு" என்றான் அலுவலக நண்பன் ஒருவன். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மொத்தக் கஷ்டத்துக்கும் வேர் இந்த ஒரு நினைப்புதான். எதிராளியின் நஷ்டத்தைத் தீர்ப்பது ஒரு கணக்கு. இன்சூரன்ஸ் இல்லாமல் விபத்தில் சிக்கியதற்காக மாநிலம் எடுக்கும் நடவடிக்கை வேறு கணக்கு. முதல் கணக்கில் ஒரு பைசா பாக்கி இல்லாமல் தீர்த்தாலும் இரண்டாவது கணக்கில் ஒரு நாள்கூடக் குறையாது. கலிபோர்னியாவில் யாருக்காவது அடிபட்டாலோ, சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ பத்து நாளுக்குள் எஸ்ஆர்-1 என்ற படிவத்தை டிஎம்விக்கு நாமே அனுப்ப வேண்டும். தப்பு யார் மேல் என்பது கேள்வியே இல்லை. அதில் இன்சூரன்ஸ் விவரம் கேட்பார்கள். விபத்து நடந்த அன்றைக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால், நான்கு வருடம் வரை லைசன்ஸை நிறுத்திவைப்பார்கள். இடித்தது எதிராளியாகவே இருந்தாலும் இதே விதிதான். நான் படிவத்தைத் தாமதமாகத்தான் அனுப்பினேன். அப்படி ஒன்று இருப்பதே டிசம்பரில்தான் தெரிந்தது.

2022 ஜனவரியில் மில்பிடாஸுக்கு வீடு மாறினேன். முகவரி மாறினால் பத்து நாளுக்குள் டிஎம்வியிடம் சொல்லவேண்டும். வங்கிக்குச் சொன்னேன், அலுவலகத்துக்குச் சொன்னேன், அமேசானுக்குக்கூட முதல் நாளே சொன்னேன். டிஎம்விக்குச் சொல்லவில்லை. லைசன்ஸ் நிறுத்தும் கடிதம் பழைய முகவரிக்குப் போனது. என் எச்1பி நீட்டிப்பு வந்ததும், லைசன்ஸின் காலமும் அதோடு முடிவதால், மார்ச் மாதம் புதுப்பிக்கக் காரில் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு ஒரு தாளை அச்செடுத்து என் பக்கம் திருப்பி வைத்து, ஒரு வரியின் கீழே பேனாவால் கோடு போட்டார். பிப்ரவரி 18 முதல் என் லைசன்ஸ் நிறுத்தப்பட்டிருந்தது. ஒரு மாதமாக நான் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். "இங்கே எப்படி வந்தீங்க?" என்று அவர் கேட்டபோது, கார் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தேன். பதில் சொல்லவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வெளியே வந்து காரில் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தத் தோழிக்குப் போன் செய்தேன். அவள் தன் கணவரையும் அழைத்துக்கொண்டு வந்து, ஆளுக்கொரு வண்டியாக ஓட்டி என்னை வீட்டில் விட்டாள். பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. நிறுத்தப்பட்ட லைசன்ஸோடு ஓட்டுவது இங்கே மிஸ்டிமீனர், அதாவது குற்ற வழக்கு. காரை முப்பது நாள் எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியும். எனக்குத் தெரியாது என்று சொல்லி எளிதில் தப்பிக்க முடியாது. பதிவில் இருக்கும் முகவரிக்குக் கடிதம் போயிருந்தாலே தெரிந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. விசாவில் இருப்பவர்களுக்கு இது பெரிய கத்தி. 200 டாலர் கொடுத்து ஒரு குடியேற்ற வக்கீலிடம் பேசினேன். டிஎம்வி லைசன்ஸை நிறுத்தியது நிர்வாக நடவடிக்கை, கைதோ தண்டனையோ இல்லை, விசாப் படிவத்தில் கைது பற்றிய கேள்விக்கு இது வராது என்றார். ஆனால் இதற்கு மேல் ஒரு நாள் ஓட்டி மாட்டினால் கதை மாறும் என்றார். அந்த 200 டாலர்தான் இந்த நான்கு வருடத்தில் நான் மனசார செலவழித்த பணம். குடித்து ஓட்டிக் கைதானவர்கள் நிலைமை இதைவிடச் சிக்கல். கைதானாலே, தீர்ப்புக்கு முன்பே, வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யக்கூடும். அவர்கள் வக்கீல் இல்லாமல் எதுவும் செய்யவேண்டாம்.

சரி, விதி என்ன என்று அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். தடை நான்கு வருடம். முதல் வருடம் முழு லைசன்ஸ் கிடைக்காது. மீதி மூன்று வருடத்துக்கு எஸ்ஆர்-22 கொடுத்து, அதை ஒரு நாளும் அறுந்துபோகாமல் வைத்திருந்தால் லைசன்ஸைத் திரும்பத் தருவார்கள். முதல் வருடத்திலேயே வேலைக்குப் போய்வர மட்டும் ஓட்டும் கட்டுப்பாட்டு லைசன்ஸ் கேட்கலாம். அதற்கு எஸ்ஆர்-22-வோடு 250 டாலர் அபராதமும் கட்டவேண்டும். வேறு வழி இல்லாதவர்களுக்கு, முக்கியமாக ரயில் இல்லாத ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கு, அது வரம். எனக்கு வாரத்தில் மூன்று நாள்தான் அலுவலகம், அதுவும் மவுன்டன் வியூவில். மில்பிடாஸிலிருந்து விடிஏ ஆரஞ்சு லைன் ரயில் நேராக அங்கே போகிறது, அப்போது ஒரு தடவைக்கு இரண்டரை டாலர். அதனால் அதைக் கேட்கவில்லை. ஏப்ரலில் காரை விற்றேன். அவசரத்தில் விற்றதால் நல்ல விலை வரவில்லை. அந்த ஒரு வருடம் ரயிலில் போக முடியாத இடங்களுக்கு ஊபர், லிஃப்ட் என்று கிட்டத்தட்ட 2,600 டாலர் போனது.

பணத்தைவிட அந்த வருடத்தின் கூச்சம்தான் வலித்தது. கோவிலுக்குப் போக, பொங்கல் விழாவுக்குப் போக, இட்லி மாவு வாங்கப் போக, எதற்கும் யாரையாவது கேட்கவேண்டும். "ஏன் காரை வித்துட்டே?" என்று கேட்பவர்களிடம் சுற்றுச்சூழல் என்று ஒரு கதை விட்டேன். சிலர் அதை நம்பி என்னைப் பாராட்டவும் செய்தார்கள்! அதைக் கேட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு நிற்பதைவிட உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

2023 பிப்ரவரி 18 வந்தது. ஒரு வருடம் முடிந்ததும் லைசன்ஸ் தானாக வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், வராது. நாம் போய் எடுக்கவேண்டும். இங்கேதான் எஸ்ஆர்-22 வருகிறது. பெயரைக் கேட்டு அது ஏதோ தனி இன்சூரன்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இந்த ஆளுக்கு எங்களிடம் சட்டம் கேட்கும் அளவுக்குக் காப்பீடு இருக்கிறது என்று இன்சூரன்ஸ் கம்பெனி டிஎம்விக்கு நேராக அனுப்பும் சான்று, அவ்வளவுதான். பாலிசி நின்றால், நின்றுவிட்டது என்று அதே கம்பெனி எஸ்ஆர்-26 என்ற இன்னொரு தாளை அனுப்பும். லைசன்ஸ் மறுபடி நிற்கும். நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் காகிதம் இல்லை இது. கம்பெனிதான் அனுப்பவேண்டும், அதுவும் கலிபோர்னியாவில் தொழில் செய்ய அனுமதி உள்ள கம்பெனி.

என்னிடம் கார் இல்லையே, எதற்கு இன்சூரன்ஸ் எடுப்பது என்று குழம்பினேன். சான் ஹோசேயில் ஒரு புரோக்கர் சொல்லித்தான் தெரிந்தது, சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு நான்-ஓனர் பாலிசி என்று ஒன்று உண்டு. அடுத்தவர் வண்டியை எப்போதாவது ஓட்டும்போது எதிராளிக்கு ஆகும் நஷ்டத்தை அது பார்த்துக்கொள்ளும். எஸ்ஆர்-22-வுக்கு அதுவே போதும், விலையும் குறைவு. எனக்கு ஆறு மாதத்துக்கு 310 டாலர் ஆனது, எஸ்ஆர்-22 அனுப்ப ஒரு முறைக் கட்டணம் 25. நான் கேட்ட பெரிய கம்பெனிகளில் சில எடுத்த எடுப்பில் மாட்டேன் என்றன. மூன்று நான்கு இடத்தில் கேளுங்கள். யாருமே தரவில்லை என்றால், மறுக்கப்பட்டவர்களுக்காகவே அசைன்டு ரிஸ்க் பிளான் என்று மாநிலத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது, புரோக்கரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். சான்று டிஎம்வி பதிவில் ஏறியதைப் போனில் உறுதி செய்துகொண்டு போனேன். லைசன்ஸைத் திரும்பத் தர 55 டாலர், அதோடு புதுப்பிப்புக் கட்டணம், கண் பரிசோதனை, கைரேகை, போட்டோ. அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். டிஎம்வி போட்டோவில் யார் சிரிப்பார்கள்?

இனி மூன்று வருடம் சும்மா ஓட்டினால் போதும் என்று நினைத்தேன். நடுவில் ஒரு தடவை தலை தப்பியது. 2024 மே மாதம் பழைய ஹோண்டா சிவிக் ஒன்று வாங்கினேன். சொந்த வண்டி வந்துவிட்டால் நான்-ஓனர் பாலிசி செல்லாது. ஒரு சனிக்கிழமை ஆன்லைனில் வேறு கம்பெனியில் பாலிசி எடுத்து, திங்கட்கிழமை பழையதை ரத்து செய்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில் டிஎம்வியிடமிருந்து கடிதம். உறையின் மூலையில் அந்த முகவரியைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது; இந்தத் தடவை நின்ற இடத்திலேயே பிரித்தேன். பழைய கம்பெனி எஸ்ஆர்-26 அனுப்பிவிட்டது, புதிய கம்பெனியிடமிருந்து எஸ்ஆர்-22 வரவில்லை, இன்ன தேதி முதல் லைசன்ஸ் மறுபடி நிற்கும் என்று இருந்தது. தப்பு யாருடையது? என்னுடையதுதான். ஆன்லைன் படிவத்தில் எஸ்ஆர்-22 வேண்டுமா என்ற கட்டத்தை நான் டிக் செய்யவே இல்லை. இன்சூரன்ஸ் எடுத்தால் அதுவும் கூட வரும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, போனிலேயே 25 டாலர் கட்டி, அன்றே அனுப்ப வைத்தேன். கடிதத்தில் சொன்ன தேதிக்கு முன்னால் சான்று பதிவில் ஏறியது. கம்பெனி மாறுவதாக இருந்தால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் புதிய பாலிசி, அடுத்து அதன் எஸ்ஆர்-22 டிஎம்வியில் ஏறியதா என்று நேரடியாகக் கேட்டு உறுதி, அதற்கும் பிறகு பழையதை ரத்து. இரண்டு பாலிசிக்கும் சேர்த்து ஒரு வாரம் பணம் போனால் போகட்டும்.

சொந்த வண்டிக்கு எஸ்ஆர்-22-வோடு ஆறு மாதத்துக்கு 1,480 டாலர் கட்டினேன். அதே தெருவில், அதே மாதிரி சிவிக் வைத்திருந்த வேறொரு தோழி கட்டியது 760. சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடும் நடுவில் ஏறியது. ஐம்பது வருடத்துக்கு மேல் 15,000, 30,000, 5,000 டாலர் என்று இருந்தது, அதாவது ஒருவருக்குக் காயம், எல்லாருக்கும் சேர்த்துக் காயம், பொருள் சேதம். 2025 ஜனவரி 1 முதல் எடுக்கும், புதுப்பிக்கும் பாலிசிகளுக்கு அது 30,000, 60,000, 15,000 ஆனது. 2025 மே மாதம் புதுப்பித்தபோது எனக்கு 1,690. முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். ஆனால் நியாயமாகப் பார்த்தால், இன்றைக்கு ஒரு கதவும் பம்பரும் மாற்றினாலே 5,000 டாலர் காணாது. என் சின்ன விபத்தே அதை நெருங்கிவிட்டது.

முடிவுக்கு வருவோம், பலர் சறுக்குவது இங்கேதான். மூன்று வருடம் ஆகிவிட்டது என்று மனக்கணக்குப் போட்டு யாரும் எஸ்ஆர்-22-வை நிறுத்தாதீர்கள். எந்த நாளிலிருந்து கணக்கு என்பதில் எல்லாரும் தடுமாறுகிறோம். விபத்து நாளா, கடிதம் வந்த நாளா, லைசன்ஸ் திரும்ப வந்த நாளா? நான் விபத்து நாளை வைத்து 2025 நவம்பரில் முடிந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்லிப் போன் செய்ய இருந்த அன்று, எதற்கும் பார்த்துவிடலாம் என்று டிஎம்வி தளத்தில் இரண்டு டாலர் கட்டி என் ஓட்டுநர் பதிவை எடுத்துப் பார்த்தேன். தடை தொடங்கிய தேதி 2022 பிப்ரவரி 18 என்றிருந்தது. போன் செய்தும் கேட்டேன். 2026 பிப்ரவரி 18 வரை சான்று இருக்கவேண்டும் என்றார்கள். அன்றைக்கு நான் நிறுத்தியிருந்தால், மூன்று மாதம் மிச்சம் இருக்கும்போது மறுபடி லைசன்ஸ் போயிருக்கும். வேறு மாநிலங்களில் கணக்கே வேறு. டெக்சாஸில் தீர்ப்பு நாளிலிருந்து இரண்டு வருடம். புளோரிடாவிலும் வர்ஜீனியாவிலும் குடித்து ஓட்டியவர்களுக்கு எஃப்ஆர்-44 என்று இன்னும் கனமான ஒன்று.

இன்னொன்று, காலம் முடிந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனி தானாக அதை எடுத்துவிடாது. டிஎம்வியும் முடிந்துவிட்டது என்று உங்களுக்கு வாழ்த்துக் கடிதம் அனுப்பாது. நாம் கேட்கும் வரை அது பாலிசியில் ஒட்டிக்கொண்டே இருக்கும், அந்த விலையும் கூடவே இருக்கும். ஐந்து வருடமாகியும் எடுக்கச் சொல்லாமல் கூடுதல் பணம் கட்டிக்கொண்டிருந்த ஒருவரை நானே சந்தித்திருக்கிறேன். நான் ஒரு நாள் தள்ளி, பிப்ரவரி 19 காலையில், முதலில் டிஎம்விக்குப் போன் செய்து என் பெயரில் எந்தத் தேவையும் பாக்கி இல்லை என்று கேட்டுக்கொண்டேன். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்தேன். பிறகு கம்பெனிக்குப் போன் செய்து எஸ்ஆர்-22-வை எடுக்கச் சொல்லி, அதையே மின்னஞ்சலிலும் அனுப்பி, பதில் வாங்கினேன். இரண்டு வாரம் கழித்து இன்னொரு இரண்டு டாலர் கட்டிப் பதிவை மறுபடி எடுத்தேன். தடை எதுவும் இல்லை. அந்தத் தாளை சமையல்கட்டு மேஜையில் வைத்து மூன்று தடவை படித்தேன்.

அதற்குப் பிறகுதான் மற்ற கம்பெனிகளில் விலை கேட்டேன். ஆறு மாதத்துக்கு 905 டாலர் என்று ஒரு இடத்தில் வந்தது, மாறிவிட்டேன். அன்று சாயங்காலம் மொத்தக் கணக்கையும் போட்டேன்: எதிராளிக்குக் கட்டியது 4,260, என் கார் 1,150, வக்கீல் 200, ஊபர், லிஃப்ட் 2,600, எஸ்ஆர்-22 காலத்தில் கூடுதலாகப் போன பிரீமியம் சுமார் 3,400, சின்னச் சின்னக் கட்டணம் 120 வரை. ஆக 11,700 டாலருக்குக் கொஞ்சம் மேல். எல்லாம் ஒரு 118 டாலர் தவணையில் ஆரம்பித்தது. நீண்ட நாள் ஊருக்குப் போகிறவர்கள் வண்டியை ஓட்டாமல், தெருவிலும் நிறுத்தாமல் வைத்திருக்கப் போவதாக டிஎம்வியில் ஒரு பிரமாணப் படிவம் கொடுத்துவிட்டால், இன்சூரன்ஸை நிறுத்தினாலும் பதிவு நிற்காது. அது எனக்கு அன்று தெரிந்திருந்தால், ஓட்டும் முன் மறுபடி இன்சூரன்ஸ் எடுக்கவேண்டும் என்பதாவது ஞாபகத்தில் இருந்திருக்கும்.

ஜூன் மாதம் கும்பகோணம் போகிறேன், ஐந்து வாரம். ஆறு மாத பிரீமியத்தையும் மொத்தமாகக் கட்டிவிட்டேன். தபால் பெட்டிச் சாவியை இந்தத் தடவையும் அதே தோழியிடம்தான் கொடுக்கப் போகிறேன். போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, "இந்த வாட்டி பையெல்லாம் வேண்டாம்டி, வர்றதைப் பிரிச்சு போட்டோ எடுத்து அனுப்பிடு" என்றேன். "உன் லெட்டரை நான் எப்படிடி பிரிக்கிறது?" என்றாள்.

"பிரி" என்றேன்.